அடிப்பேன் என்று எழுதிக் கொடுத்தவர்

ஷார்ஜா
2 பிப்ரவரி 2025

அன்புள்ள (அன்பெல்லாம் இல்லை, பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க) லீகல் ஆபீசர் கரண் அங்கிள்,

நான் ஃபஸ்னா. செய்கு முகம்மது மகள். பதினொண்ணாம் வகுப்பு. போன வாரம் நீங்க போன் பண்ணப்போ, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். வாப்பாவைத் திட்ட எண் ஒன்றை அழுத்தவும். உம்மாவைத் திட்ட எண் இரண்டை அழுத்தவும். குடும்பத்தோடு திட்ட லைனிலேயே காத்திருக்கவும்" என்று ஒரு பொம்பளைக் குரல் வந்ததே, அது நான்தான். நீங்க நிஜமாவே ரெண்டை அமுக்குனீங்க. அந்த 'பீப்' சத்தம் கேட்டு நான் தலையணையைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அப்புறம் எங்க உம்மாவைப் பத்தி நீங்க சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்னுபோச்சு.

இனிமே அந்த வசதி கிடையாது. வாப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு, உங்க வசூல் கம்பெனியை வேலைக்கு வச்சிருக்கிற பேங்குக்கே புகார் எழுதிட்டேன். நீங்க என் ஸ்கூல் ஆபீஸுக்குப் போன் பண்ணி "அந்தப் பொண்ணோட அப்பன் திருடன்" என்று சொன்னது, கீழக்கரையில இருக்கிற என் பெரியம்மாவைக் கூப்பிட்டு அழவச்சது, எல்லாம் அதுல இருக்கு. கடனை வசூலிக்கலாம், ஆனா மிரட்டக் கூடாது, கடனுக்குச் சம்பந்தமில்லாதவங்க காதுல போடக் கூடாது என்று சென்ட்ரல் பேங்க் விதியே இருக்காம். இந்தக் கணக்குக்கு இனி போன் வராது, எதுவானாலும் எழுத்துல மட்டும்தான் என்று பேங்க்ல இருந்து பதில் வந்திருக்கு. அதனாலதானே நேத்து கதவுக்கு அடியில நோட்டீஸ் தள்ளிட்டுப் போனீங்க?

கடன் வாப்பாவோடது. இல்லைன்னு நாங்க சொல்லவே இல்லை. வாப்பா துணி வெட்டுன அபாயாக் கடையை இழுத்து மூடிட்டாங்க, வாப்பாவுக்கு வேலை போச்சு, தவணை நின்னுச்சு. தவணையைக் குறைச்சுக் கொடுங்க, வேலை கிடைச்சதும் கட்டுறேன் என்று பேங்க்ல எழுதியும் கொடுத்திருக்கார். ஆனா அங்கிள், கடன் அவரோடது, காது எங்களோடது. நீங்க வசூல்காரரா, வசவுக்காரரா?

இப்பல்லாம் போன் அடிச்சா வாப்பா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிறார். டீயைத் தூக்குனா கப்பும் சாஸரும் பேசிக்குது. அந்தக் கை நடுங்காம இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

இதை எங்க பில்டிங் நாத்தூர் ஹசன் அலி பாய்கிட்ட கொடுத்து வைக்கிறேன். வாட்ச்மேன் வேலையோட இனி நம்ம ரெண்டு பேருக்கும் தபால்காரர் வேலையும் அவர்தான்.

இப்படிக்கு,
எண் ஒன்றை அழுத்தவும்,
ஃபஸ்னா

*

துபாய்
5.2.2025

ஏய் புள்ள,

உன் கடுதாசி கெடச்சுது. ரொம்பச் சிரிச்சியா? நல்லா சிரி. இங்கிலீஷ்ல எழுதுனா எங்க சூப்பர்வைசர் படிச்சுப் பாத்துட்டுத்தான் வெளிய விடுவான். அவனுக்குத் தமிழ் தெரியாது. பேங்குல இருக்கிறவனுக்கும் தெரியாது. போன்ல பேசுனா ஆபீஸ் மிஷின்ல பதிவாவுது. அதனால தமிழ்லயே எழுதறேன். இதுல எவனும் என்னைக் கேக்க முடியாது. மனசு விட்டு எழுதறேன், படிச்சுக்க.

வாங்குனவன் குடுக்கணும். அதுக்கு விதி என்ன, மதி என்ன? ஒங்கப்பன் ஏசியில படுத்துக்கிட்டு மகளை விட்டு லெட்டர் எழுத வைக்கிறான். ஆம்பளையா அவன்? நான் அஜ்மான் சைட்டுல நாப்பத்தெட்டு டிகிரி வெயில்ல கம்பி கட்டுனவன். இந்த நாற்காலிக்கு வர என்ன பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும். ஒங்கப்பன் கட்டலைன்னா என் கமிஷன் போச்சு, அடுத்த மாசம் என் சம்பளத்துல கை வப்பானுவ. என் வயித்துல அடிக்கிறவனை நான் சும்மா விடணுமா?

கையைக் காலை எடுத்துருவேன். வகுந்துருவேன். வேட்டிக்கு வேட்டியா கிழிச்சுத் தொங்க விட்டுருவேன். உன் ஸ்கூல் வாசல்லயே வந்து நிப்பேன். போய் உன் பேங்க்ல சொல்லு.

கரண்

*

ஷார்ஜா
9 பிப்ரவரி 2025

கரண் அங்கிள்,

கடிதம் கிடைச்சது. உங்களுக்குத் தமிழ் இவ்வளவு வருமா! போன்ல 'யூ பிளடி'யைத் தாண்டி நீங்க போனதே இல்லையே.

சில சந்தேகங்கள். கையைக் காலை எடுத்துருவேன் என்று எழுதியிருக்கீங்க. எந்தக் கை? எடுத்து எங்கே வைப்பீங்க? எங்க வீடு ஒரே பெட்ரூம், ஏற்கெனவே இடமில்லை. அப்புறம், வாப்பா வேட்டி கட்ட மாட்டார், கைலிதான். கிழிக்கிறவர் முதல்ல துணியைப் பாக்கணும் இல்லையா? அபாயா வெட்டுற வாப்பாவுக்கே அது தெரியும்.

இன்னொண்ணு. கீழே 'கரண்' என்று போட்டிருக்கீங்க. போன்ல ஒரு நாள் கரண், ஒரு நாள் அட்வகேட் விக்ரம், பெரியம்மாகிட்ட இன்ஸ்பெக்டர். கரண்ட் போயிட்டுப் போயிட்டு வர்ற மாதிரி உங்க பேரும் போயிட்டுப் போயிட்டு வருது. சொந்தப் பேரைப் போடப் பயந்துக்கிட்டு எழுதுனா எங்க ஊர்ல அதை மொட்டைக் கடுதாசி என்பாங்க. மொட்டைக் கடுதாசிக்காரருக்கு மீசை எதுக்கு? (உங்களுக்குப் பெரிய மீசை என்று ஹசன் அலி பாய் சொன்னார்.)

அடிப்பீங்கதானே? பேரைப் போட்டு, எந்தக் கை, எந்த இடம் என்று ஒழுங்கா எழுதி அனுப்புங்க. இல்லாட்டி நேர்ல வாங்க பாப்போம். இரண்டாவது மாடி, லிஃப்டுக்கு எதிர்க் கதவு. தைரியமிருந்தா.

ஃபஸ்னா

*

துபாய்
13.2.2025

ஏய்,

என் பேரு பன்னீர்செல்வம். ஊரு அறந்தாங்கி பக்கம். அப்பன் பேரு வேணுமா? குலசாமி பேரு வேணுமா? எவனுக்கும் பயந்தவன் இல்ல நான். பொட்டப்புள்ள கேக்கிற கேள்வியா இது?

கேட்டியே, எழுதறேன். சோத்துக் கை. ஒங்கப்பன் கத்திரி புடிக்கிற அந்த வலது கை. முட்டிக்கு மேல இல்ல, முட்டியிலயே. ஒங்க வூட்டு வாசல்ல, வராந்தாவுல, அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் தொறந்து பாக்கச்சொல்ல. சட்டையைப் புடிச்சு வெளிய இழுத்துப் போட்டு மிதிப்பேன். தாடியைப் புடிச்சுத் தரையில தேய்ப்பேன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போற மூஞ்சி அதுக்கப்புறம் அவனுக்கு இருக்காது. அவமானத்துலயே சாவான். சாவட்டும்.

பேரும் போட்டாச்சு, இடமும் போட்டாச்சு. போதுமா? மீசை இருக்கா இல்லையான்னு அன்னைக்குப் பாத்துக்க.

கி. பன்னீர்செல்வம்

*

ஷார்ஜா
24 பிப்ரவரி 2025

பன்னீர் அங்கிள்!

பன்னீர் என்று பேர் வச்சுக்கிட்டு வாயில என்ன அங்கிள் இது, சாக்கடை? முதல்லயே சொல்லியிருந்தா வாசல்ல சொம்போட நின்னிருப்போமே.

உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியலை. வயிறு வலிக்குது. சொல்லிடறேன்.

நீங்க போன்ல பேசுனதை நாங்க ரெகார்ட் பண்ணியிருந்தா, சொல்லாம ரெகார்ட் பண்ணினோம் என்று எங்க மேலேயே கேஸ் திரும்பும். நாங்க பதிலுக்குக் கெட்ட வார்த்தை சொன்னாலும் இந்த ஊர்ல அது தனிக் குத்தம். உங்களுக்கு அது தெரியும், அதனாலதான் வாப்பாவை அவ்வளவு சீண்டுனீங்க. ஆனா நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டு, நீங்களே ஹசன் அலி பாய்கிட்ட கொடுத்தனுப்புன காகிதம் இருக்கே? அது எங்க சொத்து!

பேங்க்ல தமிழ் தெரியாதுதான். அதுக்குத்தான் ரோலாவுல லீகல் டிரான்ஸ்லேஷன் ஆபீஸ் இருக்கு. அங்கே ஃபவாஸ் பாய் என்று அதிராம்பட்டினத்துக்காரர். தமிழ்ல கொடுத்தா அரபியில முத்திரை குத்தித் தருவார். உங்க ரெண்டு கடிதத்தையும் கொடுத்தேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டுக் கேக்கிறார்: "வகுந்துருவேன் என்று போட்டிருக்கானே தங்கச்சி, நெடுக்கவா குறுக்கவா? அரபியில ரெண்டுக்கும் வேற வேற சொல்லு." நான் நெடுக்க என்று சொன்னேன். வாசிச்சுக் காட்டுனார். அரபியில நீங்க பெரிய கவிஞர் மாதிரி இருக்கீங்க அங்கிள்.

நேத்து அதை பேங்கோட புகார் பிரிவுக்கு அனுப்பியாச்சு. விசாரிச்சுப் பதில் சொல்ல அவங்களுக்குக் கொஞ்ச நாள் ஆகுமாம். அதுக்கும் மேல போக இன்னொரு இடமும் இருக்காம்.

வாப்பாகிட்ட இன்னும் காட்டலை. காரியம் முடிஞ்சதும் மொத்தமா சொல்லி அசத்தலாம் என்று இருக்கேன்.

கவிஞருக்கு வாழ்த்துகளுடன்,
ஃபஸ்னா

*

3.3.2025

பேங்குல இருந்து ஆபீசுக்கு மெயில் வந்துருச்சு. அரபியில. என் பேரைப் போட்டு. மேனேஜர் எல்லாருக்கும் முன்னாடி வாசிச்சான். வாசிக்க வாசிக்க ஒரு ஆபீசே சிரிச்சுது.

வேலை போனாப் போவட்டும்.

வர்றேன்.

பன்னீர்செல்வம்

*

ஷார்ஜா
8 மார்ச் 2025

பன்னீர்செல்வம்,

அங்கிள் இல்லை. இனி உங்களை அப்படிக் கூப்பிட மாட்டேன்.

வந்தீங்க. எழுதுனபடியே வந்தீங்க. ஒரு வார்த்தை தவறலை.

நோன்பு மாசத்துல, சாயங்காலம் நோன்பு திறக்கப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்றதுக்கு முன்னாடி யார் கதவைத் தட்டுனாலும் நாங்க யாருன்னு கேக்க மாட்டோம். துவாரத்துல கண்ணை வச்சும் பாக்க மாட்டோம். அந்த நேரத்துல தட்டுறது பக்கத்து வீடுதான். கையில ஒரு கிண்ணம் கஞ்சி இருக்கும், இல்லாட்டி ஒரு தட்டு வடை இருக்கும். வாங்கிக்கிட்டு நம்ம கிண்ணத்தைக் கொடுக்கணும். இந்த பில்டிங்ல எல்லா மாடியிலயும் அப்படித்தான். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க ஆபீஸ்ல எத்தனை முஸ்லிம் பையன்கள் நோன்பு வச்சுக்கிட்டு உங்க பக்கத்துல உக்காந்திருக்காங்க? அவங்ககிட்ட கேட்டுத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தீங்களா?

வாப்பாதான் போய்த் திறந்தார். வர்றவங்களுக்குக் கொடுக்கிறதுக்காகக் கையில பேரீச்சம்பழத் தட்டு. "வாங்க வாங்க" என்று சொன்னார். உங்களைப் பாத்து. அதுதான் என் காதுல இருந்து போக மாட்டேங்குது.

உங்ககூட வந்த கறுப்புச் சட்டைக்காரன் வாப்பாவோட கழுத்தைப் பிடிச்சான். நீங்க முகத்துல குத்துனீங்க. தட்டு சுவத்துல பட்டுச் சிதறுச்சு. வாப்பாவை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டு வயித்துல மிதிச்சீங்க. வாப்பா சத்தமே போடலை, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா? வாயில ரத்தம். எங்களைத்தான் பாத்தார், நானும் உம்மாவும் வெளிய வராம இருக்கணும் என்று கையை ஆட்டுனார். அந்தக் கையைத்தான் நீங்க பிடிச்சீங்க. பின்னாடி முறுக்கி முட்டியில முழங்காலை வச்சு அமுக்குனீங்க. காய்ஞ்ச குச்சி ஒடிக்கிற சத்தம் இல்லை அது. அது மாதிரி என்று கதையில எழுதுவாங்க. ஈரத் துணிக்குள்ள எதுவோ நழுவுற சத்தம். நான் கேட்டேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்துச்சு. அடுத்ததும் திறந்துச்சு. எல்லாரும் கையில கிண்ணத்தோட நின்னாங்க. நீங்க எழுதியிருந்தீங்களே, கதவெல்லாம் தொறந்து பாக்கச்சொல்ல என்று, அப்படியே.

உம்மா எப்ப அடுப்படிக்குப் போனாங்க என்று எனக்குத் தெரியாது. வரும்போது கஞ்சிச் சட்டியோட வந்தாங்க. அப்பத்தான் இறக்குனது. சட்டியை விட்டெறியலை. பக்கத்துல வந்து, குனிஞ்சு, நிதானமா ஊத்துனாங்க. வாப்பாவைப் பிடிச்சிருந்த உங்க கைகள் மேல. உங்க கழுத்து மேல. நீங்க கத்துனீங்க. பாங்கு சொல்ல ஆரம்பிச்சாங்க. ரெண்டும் ஒண்ணாக் கேட்டுச்சு.

வாப்பாவுக்கு முட்டியில ரெண்டு எலும்பு உடைஞ்சிருக்கு. முன்பல் ரெண்டு இல்லை. கம்பி வச்சுக் கட்டியிருக்காங்க. கத்திரி பிடிக்கிற கை பழையபடி மடங்குமா என்று டாக்டர் சொல்லலை.

விதி விதி என்று எழுதுனேனே. அது வர்றதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.

எனக்கு உங்களைக் கொல்லணும் போல இருக்கு. இதை எழுதக் கூடாது என்று தெரியும். எழுதிட்டேன்.

ஃபஸ்னா

*

துபாய்
12.3.2025

(பன்னீர் சொல்ல, ரூம்மேட் விஜயபாஸ்கர் எழுதுவது. அவனுக்கு ரெண்டு கையும் கட்டு. விரல் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. - வி.பா.)

ஏ புள்ள ஃபஸ்னா,

ஒங்கம்மா மேல நான் கேஸ் குடுத்திருக்கேன். ரெண்டு கையும் வெந்து போச்சு, கழுத்துல தோலு உரிஞ்சு போச்சு. டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. ஒங்கப்பனுக்குக் கை போச்சுன்னா எனக்கு ரெண்டு கை. கணக்குல நீங்கதான் பாக்கி.

(இதை எழுத வேண்டாம்னு சொன்னேன். கேக்கல. - வி.பா.)

ஸ்டேஷன்ல அந்த ஆபீசர் சொல்றாரு, ரெண்டு தரப்பும் விட்டுக்குடுத்துக் கையெழுத்துப் போட்டா விஷயம் இதோட சுருங்கிரும்னு. நான் ஒங்கம்மாவை விட்டுடறேன். ஒங்கப்பன் என்னை விட்டுடட்டும். பேங்குல குடுத்த புகாரையும் வாபஸ் வாங்கிடுங்க. யோசிச்சுப் பாரு. ஒங்கம்மாவை ஜெயில்ல போட்டா நோம்புப் பெருநாளைக்கு ஒங்க வூட்ல யாரு கஞ்சி காச்சுவா?

(மன்னிக்கவும். நான் எழுத மட்டும்தான் செய்யறேன். - வி.பா.)

இன்னொண்ணும் கேட்டுக்க. நீ எழுதுன லெட்டரும் என்கிட்ட பத்திரமா இருக்கு. "எந்தக் கை, எந்த இடம்னு எழுதி அனுப்புங்க." "நேர்ல வாங்க பாப்போம், தைரியமிருந்தா." மாடி நம்பர் போட்டுக் கூப்புட்டவ நீ. ஆபீசர்கிட்ட காட்டுனா என்ன சொல்லுவாரு? அழைச்சதாலதான் போனேன்னு சொல்லுவேன். ஒங்கப்பனுக்கு அது தெரியுமா? மவளே எழுதித்தான் அடி வாங்குனோம்னு தெரியுமா?

(புள்ள, இவன் தூக்கத்துல கத்தறான். அதையும் எழுதிடறேன், அவனுக்குப் படிச்சுக் காட்ட மாட்டேன். - வி.பா.)

பன்னீர்செல்வம்
(கைநாட்டு கூட வைக்க முடியல)

*

துபாய்
22.3.2025

(வி.பா. எழுதுவது)

ஃபஸ்னா,

நீ பதில் போடல. பரவால்ல. ஸ்டேஷன்ல ஒங்க வாப்பாவைப் பாத்தேன். நீ வெளிய உக்காந்திருந்த. உள்ள நடந்தது ஒனக்குத் தெரியுமோ என்னமோ, சொல்றேன்.

பாங்கு சொல்ற நேரம் ஆயிருச்சு. அங்க இருந்தவன் எல்லாருக்கும் ஒரு பாட்டில் தண்ணி, மூணு பேரீச்சம்பழம் குடுத்தானுவ. எனக்கும் குடுத்தான், மடியில வச்சுட்டுப் போயிட்டான். எனக்கு மூடி தொறக்க வழியில்ல. நாக்கு வறண்டு கெடக்கு. ஒருத்தன் திரும்பிப் பாக்கல. ஒங்க வாப்பா எந்திரிச்சு வந்தாரு. வலது கை மாவுக்கட்டுல தொங்குது. பாட்டிலை அக்குள்ல இடுக்கிக்கிட்டு இடது கையால மூடியைத் திருகி என் வாயில வச்சாரு. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் புடிச்சுக்கிட்டு நின்னாரு. அந்தாளு அதுவரைக்கும் நோம்பு தொறக்கல. எனக்குக் குடுத்துட்டுப் போய்த்தான் அவரு வாயை நனைச்சாரு.

நான் என்ன நெனச்சேன்? சரி, மனசு எறங்கிட்டாரு, கையெழுத்துப் போட்டுருவாருன்னு. உள்ள போனதும் ஆபீசர் கேட்டா, யோசிச்சுச் சொல்றேங்கிறாரு! அப்பறம் எதுக்குத் தண்ணி குடுத்தாரு? எனக்கு அது வெளங்கல. அடிச்சவனுக்குத் தண்ணி குடுத்தா அதுக்கு என்னா அர்த்தம்?

கம்பெனி என்னைக் கைகழுவிருச்சு. பன்னீர்செல்வம்னு எங்ககிட்ட எவனும் இல்ல, போன மாசமே நிப்பாட்டிட்டோம்னு பேங்குக்கு எழுதிக் குடுத்துட்டானுவ. அன்னைக்கு மெயிலை வாசிச்சுச் சிரிச்சுட்டு, அவனுவதான் "போய் முடிச்சுட்டு வா"ன்னு வண்டி குடுத்து அனுப்புனது. கறுப்புச் சட்டைக்காரன் எங்கன்னே தெரியல. என் பாஸ்போர்ட்டை ஸ்டேஷன்ல வாங்கி வச்சுக்கிட்டுத்தான் கேஸ் முடியிற வரைக்கும் வெளிய விட்டிருக்கானுவ. ஊர்ல கருப்பாயிக்கு, என் பொண்டாட்டிக்கு, சைட்டுல சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லியிருக்கேன்.

ஒரே ஒரு கையெழுத்து. ஒங்க வாப்பாகிட்ட சொல்லு. இல்லேன்னா ஒன் லெட்டரை நான் குடுக்க வேண்டி வரும். இது மெரட்டல் இல்ல. வேற வழி இல்ல.

(மெரட்டல்தான். அவனுக்கு வேற பேச்சு வராது. - வி.பா.)

பன்னீர்செல்வம்

*

ஷார்ஜா
26 மார்ச் 2025

பன்னீர்செல்வம் அவர்களுக்கு,

இன்னிக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தோம். உங்களுக்குக் கட்டு மாத்துற நாள் என்று சொன்னாங்க, நீங்க இல்லை. அதனால எழுதறேன்.

முதல்ல என் கடிதம். அதை நீங்க கொடுக்க வேண்டாம், நானே கொடுத்துட்டேன். உங்களுக்கு எழுதுன எல்லாத்தையும் நான் போட்டோ எடுத்து வச்சிருந்தேன். அனுப்புறதுக்கு முன்னாடி எடுத்துவச்சு, என் ஜோக்கை நானே திரும்பத் திரும்பப் படிச்சுச் சிரிக்கிறதுக்காக. போன வாரம் வாப்பாகிட்ட எல்லாத்தையும் காட்டினேன். வாப்பா இடது கையால ஒவ்வொண்ணாத் தள்ளிப் படிச்சார். "தைரியமிருந்தா" என்ற இடத்துல நிறுத்துனார். என்னை அடிப்பார் என்று நினைச்சேன். அடிச்சா நல்லா இருக்கும் போல இருந்துச்சு. அடிக்கலை. "இதையும் ஃபவாஸ்கிட்ட கொடு" என்று மட்டும் சொன்னார்.

உங்க கடிதத்துக்குக் குத்துன அதே முத்திரையை என்னுதுக்கும் குத்துனாங்க. இன்னிக்கு ஆபீசர் அதை வாசிச்சார். கைலி ஜோக், கரண்ட் ஜோக், மீசை ஜோக், எல்லாம் அரபியில. ஃபவாஸ் பாய் ஒண்ணையும் விடலை. யாரும் சிரிக்கலை. எனக்கும் அது சிரிப்பா இல்லை. "இது உங்க கேஸைப் பலவீனமாக்கும், தெரியுமா?" என்று ஆபீசர் வாப்பாகிட்ட கேட்டார். தெரியும் என்று சொன்னார் வாப்பா.

உம்மாகிட்டயும் கேட்டாங்க. கை தவறிக் கொட்டிருச்சு என்று சொல்லிக்கலாம், பாதி பேர் அப்படித்தான் சொல்லுவாங்க என்று பக்கத்து வீட்டு ஷிரின் ஆன்ட்டி சொல்லிக் கொடுத்தே அனுப்பியிருந்தாங்க. உம்மா, "நான்தான் ஊத்துனேன். பாத்துத்தான் ஊத்துனேன்" என்று சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் உம்மா பேரும் கோர்ட்ல கூப்பிடுவாங்க. அபராதமா, அதுக்கு மேலயா, தெரியாது. ராத்திரி உம்மா எனக்குத் தெரியாம அழுவாங்க. எனக்குத் தெரியும்.

அப்புறம் ஆபீசர் சமாதானப் பேப்பரை நீட்டுனார். ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தா உம்மாவுக்கு ஒண்ணும் வராது என்று மறுபடியும் சொன்னார். நான் வாப்பாவோட சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். போட்டுடுங்க வாப்பா, போதும் வாப்பா என்று. எனக்கு உம்மா போதும். உங்களை ஜெயிக்கணும் என்று இப்ப எனக்கு ஆசையே இல்லை.

வாப்பா சொன்னதை அப்படியே எழுதறேன், நீங்க கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில்.

"தாகமா இருந்தா இன்னைக்கும் அவனுக்குத் தண்ணி கொடுப்பேன். அது எனக்கும் படைச்சவனுக்கும் உள்ளது. கடனைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி நான் யாரையும் கேக்கலை. பல்லை வித்தாவது கட்டுவேன், மிச்சம் இருக்கிற பல்லை. ஆனா அடியைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி யாரும் என்னைக் கேக்கக் கூடாது. நான் இன்னைக்கு இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அந்தக் கம்பெனி இன்னொரு பன்னீரை இன்னொரு கதவுக்கு அனுப்பும். யார் வண்டி கொடுத்தா, யார் போகச் சொன்னா, எல்லாத்தையும் அவனும் கோர்ட்ல வந்து சொல்லட்டும். அவன் சொன்னா, பக்கத்துல நின்னு நானும் ஆமாம் என்று சொல்லுவேன்."

இதை அவர் எங்க யாரோட முகத்தையும் பாக்காம சொன்னார். உம்மாவைப் பாத்திருந்தா சொல்லியிருக்க முடியாது.

சமாதானம் வேண்டாம் என்று எழுதியிருந்த இன்னொரு காகிதத்தைக் கொண்டுவந்தாங்க. "கை கட்டுல இருக்கு, பெருவிரல் வச்சாப் போதும்" என்று மைப்பெட்டியைத் தள்ளுனார் ஆபீசர். வாப்பா பேனாவை இடது கையில வாங்குனார். அந்தக் கையால அவர் எழுதி நான் பாத்ததே இல்லை. 'செ' போடவே ரொம்ப நேரம் ஆச்சு. பேனா காகிதத்துல தட்டித் தட்டி நின்னுச்சு. பின்னாடி வரிசையில நின்னவங்க நகர்ந்து நகர்ந்து எட்டிப் பாத்தாங்க. போதும், சுருக்கிப் போடுங்க என்று ஆபீசர் சொன்னார். வாப்பா தலையை மட்டும் ஆட்டிட்டு, குனிஞ்சு, கை நடுங்க நடுங்க, செய்கு முகம்மது என்று முழுசா எழுதி முடிச்சார்.

ஃபஸ்னா